லேஞ்சியில் ஒட்டிய திருநீறு

திருநீறு பூசியவனைக் கந்தோர்த் துரை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நம்பிய மடையன் நான். வெள்ளவத்தை வீட்டில் மனைவி பூசிவிடுவாள். வேலைக்குப் போகக் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கோழி பிடித்த கள்ளனைப் போலச் சுற்றிப் பார்த்து சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைப்பேன். “சிவனே, கோவியாதையும், பின்னேரம் பூசுறன்.”

லேஞ்சி தோய்க்கும்போது ஒருநாள் கேட்டாள்:

“என்னப்பா, லேஞ்சியெல்லாம் திருநீறாக் கிடக்கு?”

“வேர்வையப்பா.”

“உங்கட வேர்வை வெள்ளையோ?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து, துடைக்கச் சுகமாக, மெல்லிசாகப் பூசினாள்.

அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, நானே பட்டையாகப் பூசிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். துரை என் நெற்றியைப் பார்த்தார், துக்கம் விசாரித்தார், பைலை நீட்டினார். வேறொன்றும் நடக்கவில்லை.