திருகில் வைத்த சந்தனம்

என் கால் நல்ல கால் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பத்தாவது முடித்த கையோடு தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரரும் நானும் அனுப்பர்பாளையத்தில் பன்னிரண்டு மெஷின் போட்டு, கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் பனியன் துணியைத் தைத்துக் கொடுக்கிறோம். இப்படிப்பட்ட இடத்தை இங்கே பவர்டேபிள் என்பார்கள். அந்தக் காலத்துக் கிளட்ச் மோட்டார் மெஷின், பெடலில் கால் பட்டாலே வெறி பிடித்ததுபோல ஓடும். அதையே நான் ஒரு தையல், இரண்டு தையல் என்று நினைத்த இடத்தில் நிறுத்துவேன். பேச்சில்தான் நான் பின்தங்கியவள். நாலு பேர் முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கால் ஒருநாளும் அப்படி என்னைக் கைவிட்டதில்லை.

அதனால்தான் புதுக் கார் என் காலுக்கு அடங்காமல் போனபோது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை கோயமுத்தூருக்குப் போய் பிசியோதெரபி செய்துகொள்ள வேண்டும். "அவர் வண்டி ஓட்டக் கூடாது. உட்கார்ந்து வரலாம், குலுங்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்த பழைய வண்டி குலுக்கத்துக்கென்றே செய்தது. பெங்களூரில் இருக்கும் மகள் போனிலேயே எல்லாம் பேசி, கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் காருக்குச் சொல்லிவிட்டாள். லைசென்ஸ் என்னிடம் இருந்தது. ஆனால் அவிநாசியைத் தாண்டி நான் ஓட்டியதில்லை. அவரை வலியில்லாமல் கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் பொறுப்பாயிற்று. அதைவிடப் பெரிய காரியத்தை யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை.

வண்டி எடுத்த அன்று ஷோரூமில் சொந்தபந்தம் நிறைய இருந்தது. அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஷோரூம் பெண் என்னை ஸ்டீரிங் முன்னால் உட்கார வைத்து, கியருக்குப் பக்கத்தில் இருந்த உருண்டைத் திருகைக் காட்டினாள்.

"மேடம், இதுதானுங்க டிரைவ் மோடு. ஈகோ, நார்மல், ஸ்போர்ட். ரோட்டுக்குத் தகுந்தாப்புல மாத்திக்கலாமுங்க."

அவள் திருகத் திருக எதிரே இருந்த திரை பச்சையானது, நீலமானது, சிவப்பானது. கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் மாறுவதுபோல இருந்தது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"புரிஞ்சுதுங்களா மேடம்?"

"புரிஞ்சுதுங்க."

அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அது.

நேராக முருகன் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டோம். எலுமிச்சம்பழம் நசுக்குவதற்காக வண்டி ஸ்டார்ட்டிலேயே இருந்தது. வெளியில் ஐயர் பூஜை செய்ய, உள்ளே சந்தனம் வைக்கும் வேலையை நங்கையாள் எடுத்துக்கொண்டார். நங்கையாள் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். ஸ்டீரிங், கியர், ஏசி, பாட்டுப் பெட்டி என்று ஒன்று விடாமல் அப்பினார். திரையின் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை எங்கள் வழக்கப்படி நாங்கள் கிழிக்கவில்லை. அதன்மேல் ஒரு பெரிய பொட்டு. கடைசியாக அந்த உருண்டைத் திருகை மூன்று விரலால் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பூசினார். திரை சிவந்தது.

"பாரு, முருகனே செவப்புக் காட்றாரு" என்றார் நங்கையாள்.

எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. கிளம்பும்போது, கையில் ஒட்டுகிறதே என்று கியரில் இருந்த சந்தனத்தைத் துடைக்கப் போனேன்.

"தொடைக்காத அம்மிணி. அதுவா உதுரட்டும்."

அது எனக்குப் புதிதில்லை. ஆயுத பூஜைக்குத் தையல் மெஷினில் வைக்கும் சந்தனத்தை நாங்கள் துடைப்பதில்லை. காய்ந்து, வெடித்து, அடுத்த ஆயுத பூஜை வரைக்கும்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். துடைத்தால் தொழில் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் துடைக்கவும் யாரும் துணிந்ததில்லை.

முதல் பயணத்தில் தெரு முனை தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. லேசாகக் கால் வைத்தால் வண்டி துள்ளியது. பயந்து காலை எடுத்தால், பின்னால் இருந்து யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோலச் சுணங்கியது. மறுபடி வைத்தால் மறுபடி துள்ளல். பக்கத்தில் அவர் ஒரு கையால் மேல் கைப்பிடியையும் இன்னொரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, நாளைக்கு ஷிப்மெண்டா? இந்தப் பறப்புப் பறக்குற."

"மெதுவாத்தானுங்க மிதிக்கறேன்."

"மெதுவாவா?" என்று சிரித்தார். கருமத்தம்பட்டி வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் நெற்றியில் வியர்வை கோத்திருந்தது.

பிசியோதெரபி செய்யும் தம்பி அவர் முதுகில் கை வைத்துவிட்டு, "என்னங்கய்யா, கட்டையாட்டம் இறுகிக் கெடக்குது? பஸ்ஸுல வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ரோடு செரியில்லீங்க தம்பி" என்றார் அவர்.

அவிநாசியிலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் ஆறு வழிச் சாலை. அந்தத் தம்பிக்கும் அது தெரியும். நான் சுவரோரமாக நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கு வரைக்கும் நான் நன்றி சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் சொல்லிக்கொள்ளும் பழக்கமில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

இரண்டாவது முறை இன்னும் ஜாக்கிரதையாக ஓட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷினில் உட்காருவதுபோல வெறுங்காலில் மிதித்தேன். அதே துள்ளல்தான். திரும்பி வரும்போது அவர் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். வீடு வந்து இறங்கி, கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அடுத்த வாட்டிக்கு ஒரு டிரைவர வரச் சொல்லிக்கலாம் புள்ள. உனக்கும் செரமமா இருக்குதுல்ல."

"சரிங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் பேசியிருப்பேன். இரவுச் சமையல் செய்யும்போது அடிக்கடி என் வலது காலைப் பார்த்துக்கொண்டேன். முப்பது வருஷம் சோறு போட்ட கால். வயதாகிவிட்டது போல என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து பவர்டேபிளுக்குச் சேவூரிலிருந்து ஓர் அம்மா புதிதாக வேலைக்கு வந்தார். என் வயதிருக்கும். பிள்ளைகளுக்காக நின்றுவிட்டு, பல வருஷம் கழித்து மெஷினில் உட்காருகிறார். மிதித்தவுடன் மெஷின் பறந்தது. கழுத்துப்பட்டி கோணியது. ஊசி உடைந்தது.

"என்ற காலுக்கு இனி ஆகாதுங்க்கா. நான் போய்க்கறேன்" என்று எழுந்துவிட்டார்.

ஓவர்லாக் மெஷினைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக் அவரைத் திரும்ப உட்கார வைத்து, மெதுவாக மிதிக்கச் சொன்னார். குனிந்து காலையே பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் இருக்கும் மோட்டாரின் கன்ட்ரோல் பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் போன ஆயுத பூஜைச் சந்தனம் மூடியிருந்தது.

"அக்கா, இதைத் தொடச்சுக்கட்டுங்களா? நெம்பரு தெரிய மாட்டீங்குது."

நான் தயங்கினேன். "சாமியக் கும்புட்டுத் தொடைங்க" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"அம்மா காலு மேல ஒண்ணுந் தப்பில்லீங்க. அவங்க மெதுவாத்தான் மிதிக்கறாங்க. மோட்டாருதான் அதைப் பெருசா எடுத்துக்குது. ஸ்பீடு உச்சியில கெடக்குதுங்க."

"என்ற மாமியா மாதிரின்னு சொல்லுங்க" என்றார் சேவூர் அம்மா. "நான் ஒண்ணு சொன்னா அவுங்களுக்கு ஒம்போதாக் கேக்கும்."

மெஷின்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் வேகத்தைக் குறைத்து வைத்தார். அதே அம்மா, அதே கால். தையல் நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது.

நான் சிரிக்கவில்லை. கையில் ஒரு பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, தண்ணீரில் நனைத்துக்கொண்டு வெளியே நிறுத்தியிருந்த காருக்குப் போனேன். ஸ்டார்ட் செய்தேன். முருகனைக் கும்பிட்டேன். திருகைத் துடைத்தேன். திரை மேல் இருந்த தாளைக் கிழித்தேன். பெரிய பொட்டுக்குக் கீழே, சிவப்பு வெளிச்சத்தில், ஸ்போர்ட் என்று இங்கிலீஷில் தெளிவாக எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கே ஆச்சரியம். ஷோரூம் பெண் கொடுத்த கார்டை எடுத்து அவளுக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, அன்னைக்கு நீ சொன்னது எனக்கு ஒண்ணுமே புரியலை. மறுபடி சொல்றியா?"

அவள் சிரிக்கவில்லை. "சொல்றனுங்க மேடம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஸ்போர்ட்டில் கொஞ்சமாக மிதித்தாலும் இன்ஜின் அதை நிறையவாக எடுத்துக்கொள்ளும். கியரைச் சீக்கிரம் மேலே மாற்றாமல் வைத்திருக்கும், அதனால் காலை எடுத்தவுடன் வண்டி பிடித்து இழுக்கும். ஈகோவில் அதே மிதியைக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். டவுனுக்குள் நின்று நின்று போக நல்லது, டீசலும் மிச்சம். ஆனால் பெரிய ரோட்டில் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் மந்தமாக இருக்கும். அங்கே நார்மல்.

"சில வண்டியில ஆஃப் பண்ணிப் போட்டா அதுவா நார்மலுக்கு வந்துருமுங்க. நம்ம வண்டியில எதுல விட்டீங்களோ அதுலயேதான் இருக்கும். ஏனுங் மேடம், அன்னைக்கே கேட்டிருக்கலாமுல்லங்க?"

"அன்னைக்கு நெறையப் பேரு இருந்தாங்க கண்ணு."

அவளுக்கு அது புரிந்தது. "எப்ப வேணாலும் கூப்புடுங்க" என்று வைத்தாள். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

ஈகோவில் வைத்துத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வண்டி என் காலைக் கேட்டது.

அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இரண்டு முறை வலியைக் கொடுத்துவிட்டு, 'ஒரு திருகுதானுங்க' என்று எப்படிச் சொல்வது? மறுநாள் காலையில் டிரைவர் வந்துவிட்டார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், நல்ல பருமன். சாவிக்குக் கை நீட்டினார். நான் சாவியைக் கொடுக்கவில்லை.

"ஏனுங்க," என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். "இந்த ஒரு வாட்டி நானே ஓட்டட்டுங்களா? அவிநாசி வரைக்கும். வலிச்சா அங்க மாத்திக்கலாமுங்க. அண்ணன் பின்னால உக்காந்து வரட்டும்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருடைய முதுகுதான் பணயம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, பழக்கம்போல மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் ஏற்றிய டெம்போவுக்குப் பின்னாலேயே ஊர்ந்தேன். வேகத்தடைகளில் ஏறி இறங்கினேன். மெஷினில் கழுத்துப்பட்டி திருப்புவதுபோலத்தான் இருந்தது. அவிநாசிக்கு முன்னாலேயே அவர் கை கைப்பிடியிலிருந்து இறங்கி மடிக்கு வந்துவிட்டது. பெரிய ரோட்டில் ஏறியதும் நார்மலுக்கு மாற்றினேன். கருமத்தம்பட்டி வந்தது, போனது. பேச்சே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்தபடி அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கண் கலங்கியது. ஓட்டும்போது அது ஆகாது என்று அடக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் விழித்தார்.

"எந்தூருக்கு வந்துருக்குது?"

"ஆஸ்பத்திரிங்க."

"தூங்கிப்போட்டனா?" இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "வலியக் காணமே. என்ன புள்ள பண்ணுன?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நங்கையாள் சந்தனம், சிவப்பு வெளிச்சம், சேவூர் அம்மா, போன். அவர் சிரிக்க ஆரம்பித்து, தையல் போட்ட முதுகு என்று பயந்து நிறுத்தினார்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிப்போடாத. முருகன் மேல பழி போட்டுரும்."

பின்சீட்டிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார். "அதெல்லாஞ் சரிக்கா. என்னைய எதுக்குக் கூப்டீக? ஊர் சுத்திக் காட்டவா?"

அன்றைக்கு பிசியோதெரபித் தம்பி முதுகைத் தொட்டுவிட்டு, "இன்னைக்கு ரோடு நல்லாருந்துதுங்களா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தபடி, "ஓட்டுனவங்க நல்லா ஓட்டுனாங்க" என்றார்.

இப்போது அவர் நன்றாக நடக்கிறார். மாதம் ஒரு முறை போனால் போதும். ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்தான் சாவியை வாங்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் திருகைத் தன் வேலையாக வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நான் வண்டிக்குச் சந்தனம் வைக்கும்போது, திருகை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொள்வார். அவிநாசி தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறும்போது, என் காலைப் பார்த்துவிட்டு, "மாத்தட்டுமா?" என்று கேட்பார்.

"மாத்துங்க" என்பேன்.