சீட்டைப் பிடித்துக் காரைத் தூக்கினேன்

காரவள்ளியில் இருக்கும் என் வெல்டிங் பட்டறைக்கு வருவதெல்லாம் இரும்புக் கதவும் டிராக்டர் டிரெய்லரும்தான். அதனால் என் தங்கை ஒரு பழைய ரேஸ் காரைக் கொண்டுவந்து, "சீட்டை நீயே மாட்டிக் குடுக்கா" என்றபோது முதலில் தயங்கினேன்.

காரின் தரையிலேயே போல்ட் போடச் சொன்னாள். எனக்குச் சம்மதமில்லை.

"தரைத் தகரம் கிழிஞ்சா சீட்டோட நீயும் போயிருவ கண்ணு. உள்ள சுத்தியும் கூண்டாட்டம் குழாய் இருக்குதில்ல, அதோடதான் மாட்டுவேன்."

கூண்டின் இரு பக்கத்தையும் இணைத்துக் குறுக்கே குழாய்களைப் பற்றவைத்து, அவற்றின்மேல் சீட்டைப் போல்ட் போட்டு முடுக்கினேன். டிரெய்லர் கொக்கியை எப்படிச் சோதிப்பேனோ அப்படியே, பாரம் தூக்கும் சங்கிலியைச் சீட்டின் இரும்புச் சட்டத்தில் மாட்டி இழுத்தேன். கார் மொத்தமும் அந்தரத்தில் எழுந்தது.

"அய்யோ, எங் காரு!" என்று தங்கை கத்தினாள். பற்றவைத்த இடம் ஒன்றுகூட விடவில்லை.

மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற ஊரில் மண்பாதைப் பந்தயம். கடைசி வளைவில் அவள் கார் உருண்டு கவிழ்ந்தது. எப்படி ஓடினேன் என்றே தெரியவில்லை. கதவு நசுங்கி, தரைத் தகரம் கிழிந்து கிடந்தது. அவளோ பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "அக்கா, சீட்டு அசையவே இல்லக்கா" என்றாள்.

"சாமிதானுங்க காப்பாத்துச்சு" என்றார்கள் கூடியிருந்தவர்கள்.

நானும் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு, "ஆமாங்க. சீட்டை மாட்டுனது நானுங்க" என்றேன்.

என் வேலையை நானே எடுத்துச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. இப்போதெல்லாம் யாரும் கேட்காமலே சொல்கிறேன்.