பிள்ளையார் முதுகில் ஒரு கூடு

வில்லியனூரில் எங்கள் கடையில் விற்பது பூச்சி மருந்து. எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் வளர்ப்பது புழு. இதைச் சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரர் என் மானத்தை வாங்குவார்.

வளர்ப்பது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் காணாத அந்த மண்ணில் எருக்கஞ்செடி தானாக முளைத்தது. அதைத் தேடி வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வந்து முட்டையிடும். காவி நிற இறக்கை, முனையில் கறுப்பு, அதில் வெள்ளைத் திட்டு. கண்ணில் பட்டால் நாம் அலறுகிற எருக்கம்பாலை அதன் புழு இலையோடு சேர்த்தே தின்று கொழுக்கும். குருவிகூட அதைத் தொடாது.

போன பிள்ளையார் சதுர்த்தி அன்று இவர் ஒரு காரியம் செய்தார். எருக்கம்பூ மாலை போதாதென்று இலையோடு ஒரு கொத்தை ஒடித்து, ஈரக் களிமண் பிள்ளையாரின் முதுகில் சொருகிவிட்டார். கற்பூரம் காட்டும்போதுதான் பார்த்தேன். இலைக்கு அடியில் பச்சை ஜிமிக்கி மாதிரி ஒரு கூடு தொங்கியது. முந்தின நாள்வரை நான் பார்த்துக்கொண்டிருந்த புழுதான் அது. மூன்றாம் நாள் பிள்ளையாரை ஆற்றில் கரைப்போம். இதுவும் கூடவே போய்விடும்.

"அத்த மட்டும் எடுத்துடுறேங்க."

"பூசைக்கு வெச்சத எடுக்கக் கூடாதுடி."

"அப்போ அஞ்சாம் நாள் கரைங்க."

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஐந்தாம் நாளும் கூட்டில் அசைவே இல்லை. ஒற்றைப்படையில்தான் கரைக்க வேண்டும் என்பதால், ஏழாம் நாள் என்று நானே முடிவு செய்தேன். பிள்ளையார் வீட்டில் இருக்கும்வரை தினமும் படையல் வைத்தாக வேண்டும். கொழுக்கட்டை பிடித்துப் பிடித்து எனக்குக் கை விட்டுப்போயிற்று. எதிர்வீட்டு அம்மா தெருவில் நின்றே கேட்டார்.

"இன்னாமா, ஊர்ல எல்லாப் புள்ளையாரும் போயிட்டாங்க. உங்க வூட்டுல மட்டும் வாடகைக்கு இருக்காரா?"

ஏழாம் நாள் காலை கூடு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. உள்ளே காவி நிறம் தெரிந்தது. இவரைக் கூப்பிட்டேன். கடை திறக்கக் கிளம்பியவர் சாவியோடு நின்றுவிட்டார். கூடு வெடித்து, கசங்கின துணி போல அது வெளியே வந்து தொங்கியது. இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. இவருடைய ஃபோன் அடித்தது; எடுக்காமல் அணைத்தார். தன் மூச்சுக்காற்று பட்டுவிடுமோ என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதர்மேல் சொல்ல முடியாத பிரியமும் வந்தது.

வெயில் ஏறியதும் அது தும்பிக்கைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பறந்துபோனது.

இவர் துண்டை எடுத்துவிட்டுப் பிள்ளையாரைப் பார்த்தார்.

"சரிப்பா, இப்போ நீ கெளம்பு."