வீடில்லாதவன் அடித்த வீட்டு மனுக்கள்

பல்வலிக்காரன் பல் டாக்டரிடம் போவதுபோலத்தான் மனு எழுதுகிறவனிடம் ஜனங்கள் வருவார்கள்: வேறு வழியே இல்லாதபோது. மலாக்கா நில அலுவலகத்துக்கு வெளியே, மரத்தடியில், ஒரு மேசையும் ஒரு பழைய டைப்ரைட்டரும் என் தொழில். சுதந்திரம் வந்த சமயம் அது. துரைமார்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள், நம்மவர்களோ வீடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் காஜா பெராங்கில், ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால், ஒற்றை அறையில் மனைவி மகளோடு வாடகைக்கு இருந்தேன். நாள் முழுக்க அடுத்தவன் வீட்டைப் பற்றியே அடித்துக்கொண்டிருப்பவனுக்கு வயிறு எப்படி எரியும் என்பது, வாடகை வீட்டுவாசிகளே, உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரே அறை, மூன்று சாவி

பக்கத்து மேசை அருளப்பனுடையது. என்னைவிட ஐந்து வயது இளையவன். சிரித்துப் பேசுவான், அதனாலேயே கூட்டம் அவன் பக்கம் போகும்.

ஒருநாள் காலையில் ஒரு தையல்காரர் என்னிடம் வந்தார். கடைவீதியில் மாடி அறை ஒன்றுக்கு ஒரு தரகரிடம் 'தேத்தண்ணிக் காசு' கொடுத்தாராம். வாடகைக்கு இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம். சாவியை வாங்குவதற்கு முன்னால் இப்படி ஒரு தொகையைத் தனியாக அழவேண்டும். அழுதார், சாவியும் வாங்கினார். போய்ப் பார்த்தால் அறையை வேறு யாரோ திறந்துகொண்டிருக்கிறார்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள், அருளப்பன் மேசையில் இருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பினார்கள். அவர்கள் கையிலும் அதே சாவி. தரகர் மூன்று பேரிடமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஒரு மனு, அவனுக்கு இரண்டா என்று நான் புழுங்கிக்கொண்டிருந்தேன். போதாததற்கு என்னிடம் கார்பன் தாள் வேறு தீர்ந்திருந்தது. தையல்காரர் எழுந்து, மற்ற இருவரையும் பார்த்துச் சொன்னார்: "நம்ம மூணு பேருக்கும் ஒரே கதைதானே? கார்பன் இருக்கிற மேசைக்கே போயிருவோம், வாங்க."

துரை பங்களா

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். ஊருக்குத் திரும்பும் ஒரு துரையின் பங்களாவை வாங்கிவிட்டாராம். தன் பெயருக்கு மாற்ற மனு வேண்டும். ஆறு அறை, காருக்குத் தனிக் கொட்டகை, முன்னால் ரோஜாத் தோட்டம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு எழுத்துப்பிழை விட்டேன். என் மகள் மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு நகர்கிற பெண்.

"கிராண்டு எங்கே?" என்று கேட்டேன். நிலப் பத்திரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒரு காகிதத்தை நீட்டினார். நாற்காலி, அலமாரி, மீன்தட்டு என்று ஒரு சாமான் பட்டியல். பணம் வாங்கியது துரையின் டிரைவர். பங்களாவோ அரசாங்கக் குடியிருப்பு, துரைக்கே சொந்தமில்லை. இதை நான் எடுத்துச் சொன்னபோது என் குரலில் துக்கம் இருந்தது; உள்ளே, சத்தியமாகச் சொல்கிறேன், குளுகுளுவென்று இருந்தது. அவர் காகிதத்தை நாலாக மடித்தார். பிறகு கேட்டார்: "அப்ப அந்த ரோஜாச் செடிங்க? மூணு வாரமா நான்தானே சார் போய்த் தண்ணி ஊத்திட்டு வர்றேன்?"

லாரியில் போன வீடு

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த லெட்சுமி அக்கா ஒரு பலகை வீட்டை வாங்கியிருந்தார். குடிவந்த மறுமாதமே நிலத்துக்காரர் வந்து, தரை என்னுடையது, காலி செய் என்றார். விற்றவன் அதைச் சொல்லவே இல்லை. நம் ஊரில் இது சகஜம். வீடு ஒருவருக்கு, தரை இன்னொருவருக்கு. அக்கா ரசீதைக் காட்டினார்.

"இதுல தரையப் பத்தி ஒண்ணுமே இல்லையா தம்பி?"

"இல்லைக்கா."

"வீட்டப் பத்தி?"

"பலகை, தூண், தகரக் கூரை, எல்லாம் உங்களுதுன்னு இருக்கு."

அவகாசம் கேட்டு ஒரு மனு அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். பாவம் என்று வாயால் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு லாரி எங்கள் மேசையைக் கடந்து மெதுவாகப் போனது. பலகைக்குப் பலகை சாக்கட்டியால் நம்பர் போட்டுக் கழற்றி, கதவு ஜன்னலோடு அடுக்கி, புக்கிட் ரம்பாயில் அக்காவின் அண்ணன் நிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஏமாந்தவளுக்குக்கூட லாரி நிறைய வீடு இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முன் சீட்டிலிருந்து அக்கா கத்தினார்: "தம்பி, வீட்டு விலாசம் மாறிப்போச்சு, மனுவுல திருத்தி அடிச்சிருங்க!"

அருளப்பன் வாங்கவிருந்த வீடு

இதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அருளப்பன் செங் கிராமத்துப் பக்கம் ஒரு வீடு பார்த்தான். பத்து நாள் அதே பேச்சு. கிணறு உண்டு அண்ணே, கொய்யா மரம் உண்டு அண்ணே. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கிராண்டின் நகலைக் கொண்டுவந்து காட்டினான். "நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறேன். ஒரு பார்வை பாருங்க." நிலத்தின் நம்பரையும் விற்பவன் பேரையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போன மாதம் அவன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அதே நம்பருக்கு, அதே ஆளிடம் பணத்தைப் பறிகொடுத்த ஒருவருக்கு நான்தான் புகார் மனு அடித்தேன்.

வாயைத் திறந்தேன். "நல்லா இருக்கு அருளப்பா" என்று சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி ஒரு பால் டின்னில் முல்லைக் கொடியின் துண்டுகளை நட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு என்றேன். "அருளப்பன் சம்சாரம் கேட்டுச்சு. புது வீட்டு வாசல்ல வைக்கணுமாம். கைவளையல விக்கக் குடுத்திருக்கு, பாவம்" என்றாள். அதற்குப் பிறகு அந்த டின் இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். அருளப்பன் சைக்கிளைவிட்டு இறங்கியதும், எல்லாவற்றையும் கொட்டினேன். நேற்றே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துத்தான். அவன் கோபப்படவில்லை. சைக்கிளை நிறுத்தி, டைப்ரைட்டர் உறையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: "வளையல நேத்தே திருப்பி வாங்கிட்டேன் அண்ணே. பத்து நாளா வீடுன்னு சொன்னாலே உங்க மூஞ்சி சுண்டிப்போகும், நேத்து கிராண்டப் பார்த்ததும் சிரிச்சீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இந்த வீடு நமக்கு வேணாம்னு."

இத்தனை வருஷத் தொழிலில் என்னை மட்டும் ஒரு தரகனாலும் ஏமாற்ற முடியவில்லை என்றால், அதற்குக் காரணம் நான் படித்த பத்திரங்கள் அல்ல, என் காலிச் சட்டைப்பைதான்.