மண்டையோட்டுப் பலகைக்கு அங்கால

மாக்கிறட் சேவலைப் பந்தயம் வைத்தது புருசன் சிங்கராசாவுக்குத் தெரியாது. சேவலோ அவருடையது. மண்டபம் அகதி முகாமிலிருந்து நறுவிலிக்குளத்துக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்திலேயே குஞ்சாக வாங்கி, தன் கையால் தீன் போட்டு வளர்த்தது. மனிசியை “இஞ்சேர்” என்று கூப்பிடும் மனிதர், சேவலை “ராசா” என்றுதான் கூப்பிடுவார்.

எல்லாம் ஒரு விளையாட்டால் வந்த வினை. மகள் டிலோஜினி தன் பழைய போனைத் தாய்க்குக் கொடுத்தபோது அது உள்ளே கிடந்தது. கட்டம் கட்டமாகத் தெரியும் அந்தக் காலத்து மாதிரிப் படம். பெருவிரல் அளவில் ஒரு வீரன். அவன் காடு, குகை, பாழ் கோட்டை எல்லாம் தேடித் திரிந்து, வழிமறிக்கும் பூதங்களை வெட்டி, கடைசியில் மூன்று தலை நாகத்தை முடிக்க வேண்டும். மன்னார் டவுன் தையல் கடையில் பக்கத்து மெசினில் இருக்கும் உப்புக்குளத்து ஹமீதாவுக்கு அதைக் காட்டிக் கெடுத்தவளும் மாக்கிறட்தான்.

“நான் முதல் முடிச்சா உன்ர வெள்ளாட்டுக் குட்டி எனக்கு” என்றாள் மாக்கிறட்.

“பந்தயம் எங்களுக்கு ஹராம். தோத்த ஆள் வெண்ட ஆளுக்கு ஒரு அன்பளிப்புக் குடுக்கலாம். உங்கட வீட்டுச் சேவல் நல்ல நிறமாமே?”

கடைசி வெட்டு மற்றவளின் கண்முன்னே நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஞாயிறு பூசை முடிய ஹமீதா வருவதாக ஏற்பாடு.

மாக்கிறட் நாகத்தோடு மோதிப் பார்த்தாள். இருக்கிற வாள் நாகத்தின் தோலைக்கூடக் கீறவில்லை. வேறு வாள் ஒன்று எங்கோ இருக்கிறது. சமைக்கிற நேரம், தண்ணீர் அள்ளுகிற நேரம் என்று பாராமல் தேடினாள்.

“எல்லா இடமும் பாத்தாச்சு, காணேல்ல” என்று கடைசியில் புருசனிடமே அழுதாள், சேவல் கதையை மட்டும் விழுங்கிவிட்டு.

சிங்கராசா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் போன் படத்தைப் பார்த்தார். “உந்தச் சதுப்புக்கு அங்கால?”

“சிவப்புப் பலகையில மண்டையோடு போட்டிருக்கு, கண் தெரியேல்லையோ?”

ஊர் வந்த புதிதில், மிதிவெடி எடுக்கிறவர்கள் கோயில் வளவில் சனத்தை இருத்தி அந்தப் பலகையைக் காட்டித்தான் முதல் பாடம் சொன்னார்கள்: கண்டால் நில், வந்த தடத்திலேயே திரும்பு. சிங்கராசாவுக்கும் அது மனப்பாடம்.

“ஓம், போகாதை” என்றார். கொஞ்சம் யோசித்து, “மாடு கீடு ஏதும் போய் வருதோ எண்டு பார்.”

மாடு இல்லை. கொம்பு வைத்த கறுத்தப் பூதம் ஒன்று இருந்தது. வீரனைக் கண்டால் முட்ட ஓடிவரும்.

“வெட்டாதை, வெட்டாதை! பலகைக்குக் கிட்டச் சாய்ச்சுக்கொண்டு வா. இப்ப விலத்து!”

வீரன் விலக, வந்த வேகத்தில் பூதம் பலகையைத் தாண்டி அக்கரை வரைக்கும் ஓடியது. ஒன்றும் வெடிக்கவில்லை. பூதம் போன தடத்தில், ஒரு கட்டம்கூட இங்கால் அங்கால் வைக்காமல், மாக்கிறட் வீரனை நடத்தினாள். அங்கே ஒரு பெட்டி. பெட்டிக்குள் வாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹமீதா வெறும் சாக்கு ஒன்றைக் கையில் மடித்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு நம்பிக்கை. முற்றத்தில் இரண்டு கதிரை போட்டு இருந்தார்கள். ஹமீதாவின் வீரன் இரண்டாம் தலையோடு செத்தான். மாக்கிறட்டின் வாளுக்கு மூன்றும் முருங்கைக்காய் மாதிரி விழுந்தன.

“உந்த வாள் எங்கயடி எடுத்தனீ?”

“பலகைக்கு அங்கால.”

ஹமீதாவின் முகம் மாறியது. “உனக்கென்ன விசரோ? பிள்ளைகுட்டிக்காரி போற இடமே அது?”

“மாடு மாதிரி ஒண்டை முன்னால விட்டுத்தான் போனனான்.”

“அப்பச் சரி” என்று ஹமீதா ஆறிப்போனாள்.

சிங்கராசா தேத்தண்ணியோடு வந்தார். “தங்கச்சி, சாக்கு என்னத்துக்கு?”

மாக்கிறட் கண்ணைக் காட்டினாள். ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்தவள் சும்மா விடுவாளா?

“உங்கட சேவலைக் கொண்டுபோகத்தான் அண்ணை. மாக்கிறட் வைச்ச பந்தயம். நான் தோத்திட்டன்.”

சிங்கராசா தேத்தண்ணியை வைத்துவிட்டு, சேவலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

ஆட்டுக்குட்டி சொன்னபடி வந்து சேர்ந்தது. அவர் பேச்சு மட்டும் வரவில்லை. சாப்பாட்டு நேரம் சேவலைப் பார்த்துத்தான் கேட்டார்:

“ராசா, உவவிட்டைக் கேள், இண்டைக்கு என்ன கறியெண்டு.”

“ராசா, கேக்கிறவரிட்டைச் சொல்லு” என்றாள் மாக்கிறட், “நீ தப்பினபடியா மீன்தான் எண்டு.”