பனிக்கு லீவு விட்டவள்

முதலில் மன்னித்துவிடுங்கள். எல்லாருடைய பதிவுக்கும் லைக் போட்டுவிட்டு சத்தமில்லாமல் நகர்கிற ஆள் நான். எழுதினால் யாருக்காவது தொந்தரவாக இருக்குமோ என்று தயக்கம். இன்று ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈர சாக்ஸ் வாசனை...

என் முதல் வேலையை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது. டிசம்பர் மழை. அயனம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ, பாதியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடை, பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது மாடி ஆபீஸ். உள்ளே ஏசி பல்லைக் கிட்ட வைக்கும். மேசைக்கு அடியில் சாக்ஸைக் காயப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து, ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பனிமலைக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பனிச்சறுக்கு ரிசார்ட் ஒன்றின் சாட் சப்போர்ட். மதியம் ஷிஃப்ட். வருகிற கேள்விகளில் பாதி ஒன்றேதான்: "நாளைக்குப் பனி எப்படி இருக்கும்?"

திரையின் ஓரத்தில் ஃபோர்காஸ்ட் இருக்கும். எத்தனை சென்டிமீட்டர் விழும், காற்று எவ்வளவு, எந்த உயரத்துக்கு மேலே பனி, எதற்குக் கீழே வெறும் மழை... அதைப் பார்த்து டைப் செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்த பனி இரண்டுதான். மார்கழியில் ஏரி மேல் புகை மாதிரி நிற்பது ஒன்று. ஃப்ரீசரில் அம்மா கத்தியால் சுரண்டுவது இன்னொன்று. டிரெயினிங்கில் 'பவுடர்' என்று ஒரு வார்த்தை வந்தது. கேட்க வெட்கம். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன்.

ஒருநாள் ஃபோர்காஸ்ட்டில் நாற்பது சென்டிமீட்டர் பனி!

எனக்குப் பகீரென்றது. ஜன்னலுக்கு வெளியே அம்பத்தூர் மிதக்கிறது, மழைக்கே இங்கே ஸ்கூல் லீவு. அங்கே பிள்ளைகளோடு வருகிறவர்கள் என்ன ஆவார்கள்? கேட்ட ஒன்பது பேருக்கும் உருகி உருகி எழுதினேன். "மிகவும் வருந்துகிறோம். நாளை கடும் பனி. பாதுகாப்பாக வீட்டிலேயே இருங்கள்."

எட்டுப் பேர் சிரித்துவிட்டார்கள். "வருந்துகிறீர்களா? இதற்காகத்தானே ஒரு மாதமாகக் காத்திருக்கிறோம்!"

ஒருவர் மட்டும் நம்பிவிட்டார். ஏழு வயது மகளுக்கு முதல் முறையாகப் பனிச்சறுக்கு காட்ட இருந்த அப்பா. ரூமை கேன்சல் செய்யச் சொன்னார். செய்தும் விட்டேன்.

பக்கத்து சீட் டில்லி எட்டிப் பார்த்தான். அண்ணனூர்க்காரன்.

"இன்னாமா பண்ணி வெச்சிகீற? பனி வுழுந்தா அவங்களுக்குத் தீவாளிமா! நீ இன்னாடான்னா லீவு வுட்டுகினு கீற!"

டீம் லீட் கற்பகம் மேம் வந்தார்.

"கலை, உன் புரொபேஷன் முடிய பத்து நாள்தான் இருக்கு. இது மேல போச்சுன்னா உன்னை வேலைல வச்சுக்க மாட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள அவரைத் திரும்ப வர வை. அப்புறம் அந்த ரூம் வேற ஆளுக்குப் போயிடும்."

அந்த ஆபீஸில் என் முதல் கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"மேம்... பவுடர்னா என்ன?"

"அடிப்பாவி! இது தெரியாமலா இத்தனை நாள் பதில் சொன்னே?" சிரித்துவிட்டார். "புதுப் பனி. நல்ல குளிர்ல ஈரமே இல்லாம விழும். கையில பிடிச்சா நிக்காது, உதிர்ந்துடும்."

"புட்டுக்குத் தண்ணி தெளிக்காத மாவு மாதிரியா?"

டில்லி மேசையைத் தட்டினான். "தோ பார்றா! மேம், எனுக்கே இப்பதான் புரிது!"

என் அம்மா காலையில் புட்டும் இடியாப்பமும் செய்து ஃபிளாட்களுக்குக் கொடுப்பவர். மாவைப் பிடித்துப் பார்ப்பது எனக்குப் பல் தேய்ப்பது மாதிரி. பிடித்தால் நின்று, தட்டினால் உதிர்ந்தால் புட்டுப் பதம். மெஷின் ஓட்டி அமுக்கிவிட்ட பனி அப்படித்தான் இருக்கும் என்றார் மேம். வெயில் ஏறினால் இடியாப்ப மாவு, காலை இழுக்கும். உருகி மறுபடி உறைந்தால் ஃப்ரீசர் சுரண்டல், வழுக்கும். மூன்று மாதமாகப் புரியாத ஃபோர்காஸ்ட் முழுக்க எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்திருக்கிறது!

ரெடிமேட் பதிலை அழித்துவிட்டு அவருக்கு எழுதினேன். "நான் பனியைப் பார்த்ததே இல்லை. என் ஊரில் மழை, பள்ளிகளுக்கு விடுமுறை. அந்தப் பயத்தில் உங்களுக்கும் விடுமுறை விட்டுவிட்டேன். நாளை நல்ல குளிர், காற்றும் குறைவு. பனி அரிசி மாவு போல விழும். உங்கள் மகள் விழுந்தாலும் வலிக்காது."

நாலு ஐம்பது. பதில் இல்லை.

"டைப் பண்றாரு... டைப் பண்றாருமா!" டில்லி என் நாற்காலியைப் பிடித்து உலுக்கினான்.

"வருகிறோம். அரிசி மாவில் விழ அவளுக்கு இப்போதே அவசரம்."

வெறுங்காலோடு மொத்த டீமும் குதித்தது. மறுநாள் மகளின் படம் ஒன்று அனுப்பியிருந்தார். மூக்கு வரை வெள்ளை, முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு.

வேலை நிலைத்தது. அந்த சீசன் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டதே, "இன்னைக்கு மேல புட்டு, கீழ இடியாப்பம்" என்றுதான்.

இப்போது நான் வேறு ஆபீஸ், டில்லி கோயம்புத்தூர், மேம் பெங்களூர். அந்த மாதிரிக் கேள்விகளுக்கு இன்று மெஷினே பதில் சொல்கிறதாம். பனிக்கு லீவெல்லாம் விடாது, பாவம்.

சரி, இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஜனவரியில் அம்மாவைக் காஷ்மீருக்குக் கூட்டிப் போகிறேன். "அந்தப் பனிய ஒரு புடி புடிச்சிப் பாக்கணும்டி, பதம் சரியா கீதான்னு" என்கிறார். டிக்கெட் இன்னும் போடவில்லை.

அந்த ஆபீஸில் டீக்குக்கூட நீங்கள் இரண்டு பேரும் கூப்பிட்டால்தான் வருவேன். நானாக யாரையும் கூப்பிட்டதே இல்லை.

டில்லி, கற்பகம் மேம்... எங்ககூட வரீங்களா?