மேற்குச் சுவரோரத்துச் செங்கற்கள்

சூசை அண்ணனின் அடக்கத்துக்கு வந்திருந்தவர்கள்: பங்குத் தந்தை, உபதேசியார், அண்ணனின் மகள் லூர்து, அவள் கணவர், அவர்களுடைய இரண்டு பெண்கள், பூந்தமல்லியிலிருந்து குழி வெட்ட வந்த இருவர், வாசலில் பூ விற்கும் அம்மா, கல்லறைத் தோட்டக் குழுவின் சார்பில் நான் ஒருத்தி. மொத்தம் பத்துப் பேர். வேலை நாள் என்பதால் மற்றவர்களால் வர முடியவில்லை என்று பிறகு சொன்னார்கள். இதைப் படிக்கும் பங்கு மக்களாகிய உங்களில் பலருடைய அப்பா அம்மாவுக்குக் குழி வெட்டியவர் அவர்.

அன்று காலைப் பூசை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. லூர்து அழவில்லை. "அப்பா பூட்டார்மா. தூக்கத்துலயே. குழி வெட்ட ஆளு யாரு கீறாங்க?" என்று கேட்டாள். எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. ஆறு வருடமாகக் குழுவின் செயலாளராக இருக்கிறேன். அவருக்கு அடுத்து யார் என்று ஒரு கூட்டத்தில்கூட நாம் பேசியதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். வீட்டில் எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அதைப் பார்த்துத்தான் என்னைக் குழுவில் சேர்த்தார்கள். பழைய பதிவேட்டை வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட தாளில் கல்லறைத் தோட்டம் முழுவதையும் வரிசை வரிசையாக வரைந்தேன். அதில் எனக்குப் பெருமை அதிகம். அண்ணன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. நீ பேப்பர்ல வச்சிகினு கீறே, நான் கால்ல வச்சிகினு கீறேன், அவ்ளோதான் செகரட்டரிம்மா" என்றார்.

அவர் சொன்னது வெறும் கேலி இல்லை. ஒருமுறை ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் தாத்தாவின் கல்லறையைத் தேடி வந்தார். என் தாளின்படி நாலாம் வரிசையில் தேடினோம். கிடைக்கவில்லை. அண்ணன் குழாயடியிலிருந்து அடி வைத்து எண்ணிக்கொண்டே போய் ஓரிடத்தில் செடியை விலக்கினார். "இந்தா கீறார் உங்க தாத்தா. அன்னிக்கி செம மழை. பொட்டி எறக்க சொல்ல உங்க சித்தப்பா வழுக்கி உள்ள வுழுந்தாரு. ஊட்ல கேட்டுப் பாரு." அந்தத் தம்பி அங்கேயே போன் போட்டுக் கேட்டார், சித்தப்பா விழுந்தது உண்மைதான். அண்ணன் ஒருபோதும் கல்லறை இருக்கிறது என்று சொல்ல மாட்டார். ஆள் இருக்கிறார் என்றுதான் சொல்வார்.

போன வருடம் தவக்காலத்தில் தோட்டத்தைச் சீர்படுத்தினோம். முள்ளை வெட்டினோம், விளக்குப் போட்டோம். அண்ணன் அப்போது கால் வலிக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். மேற்குச் சுவரோரம் செங்கற்கள் பாதி மண்ணில் புதைந்து அங்கங்கே நின்றன. சுவர் கட்டியபோது மிஞ்சியவை என்று நினைத்தேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆட்களை விட்டுப் பிடுங்கச் சொன்னேன். நடுச் சிலுவையைச் சுற்றியுள்ள பூப்பாத்திக்கு அவற்றையே சாய்வாக நட்டு, காவியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றி அடித்தோம். அந்தப் பாத்தியை நீங்கள் பாராட்டினீர்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் திரும்பி வந்தவர், சுவரோரம் வெகுநேரம் நின்றார்.

"செங்கல்ல யாரு புடுங்கினது?"

"நான்தாண்ணே. சும்மாதானே கிடந்துச்சு, பூச்செடிக்கு வச்சுட்டோம்."

"அது கொயந்தைங்கமா."

ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த பிள்ளைகளையும், இறந்தே பிறந்த பிள்ளைகளையும் இங்கே முன்பெல்லாம் பதிவேட்டில் எழுதுவதில்லை. மணி அடிப்பதும் இல்லை. தகப்பன் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். அண்ணன் சுவரோரம் குழி எடுத்து, மூடி, தலைமாட்டில் ஒரு செங்கல்லை நடுவார். வேறு அடையாளம் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே பதிவேட்டைத்தான் நான் பிடுங்கிப் பூச்செடிக்கு வேலியாக வைத்திருந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "தெரியாம செஞ்சிட்டே, வுடு. எனுக்கு எடம் தெரியும். ஒரு நாளு காலைல நோட்டு எத்துகினு வா. நான் நின்னு காட்றேன், நீ எய்திக்கோ" என்றார்.

நான் போகவில்லை. ஈஸ்டர் முடியட்டும் என்றேன். பிறகு மகளுக்கு வளைகாப்பு வந்தது. பிறகு வெயில் என்றேன். உண்மைக் காரணம் வேறு. எழுதினால் குழுவில் சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் பாராட்டிய பாத்தி எதனால் ஆனது என்று தெரிந்துவிடும். அதே சுவரோரம் பேவர் பிளாக் நடைபாதை போடலாம் என்று குழு முடிவெடுத்த நாளில் கூட்டக் குறிப்பை எழுதியவள் நான். அண்ணன் சொன்னதை அன்று நான் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். "எல்லோரும் சம்மதித்தார்கள்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கல் பாவியபோது அண்ணன் மேஸ்திரியிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னை மட்டும் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தார்.

வெள்ளானூரிலிருந்து ஓர் அம்மா கல்லறைத் திருநாளுக்கு வருடம் தவறாமல் ஒற்றை மெழுகுவத்தியோடு வருவார். போன வருடம் கேட்டுக்குள் நுழைந்தவர் திகைத்துப்போய் நின்றுவிட்டார். அண்ணன் நொண்டிக்கொண்டே போய் அவர் கையைப் பிடித்து, நடைபாதையில் ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்கதான் தாயி."

"கல்லு எங்கண்ணே?"

"கல்லு பூட்ச்சி. புள்ள இங்கதான் கீது."

அந்த அம்மா நடைபாதைக் கல்லின் மேலேயே மெழுகை உருக்கி வத்தியை நிறுத்தினார். ஜனங்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். யாருடைய புடவையோ பட்டு அணைந்தது. மறுபடி ஏற்றினார். நான் நாலடி தள்ளிப் பூக்கூடையோடு நின்றிருந்தேன். கிட்டே போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் என்னிடம் வந்தார். "இன்னா செகரட்டரிம்மா, நோட்டு தீந்துபூட்ச்சா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "அடுத்த வாரம் நிச்சயம்ணே" என்றேன்.

அடுத்த மாதமே அவர் படுத்துவிட்டார். கள்ளிக்குப்பத்தில் லூர்து வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பையில் நோட்டு இருந்தது. லூர்துவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அதை எடுக்கக் கூசியது. ஜெபம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரை உயிரோடு பார்த்தது அன்றுதான் கடைசி.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். ஆனால் ஆண்டவரிடம் சொன்னதோடு தீருகிற விஷயம் இல்லை இது. குழந்தைகள் உங்களுடையவர்கள்.

அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரே ஓர் இடம்: வெள்ளானூர் அம்மா நின்ற இடம். கேட்டிலிருந்து சுவரோரமாக வந்தால் பதினாறாவது கல் வரிசை. அதை எழுதிவிட்டேன். மற்ற பிள்ளைகள் எங்கே என்பது அவரோடு போய்விட்டது. எத்தனை பிள்ளைகள் என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை.

உங்களில் யாராவது, அல்லது உங்கள் வீட்டில் யாராவது, சூசை அண்ணன் கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்திருந்தால், இடம் அரைகுறையாக நினைவிருந்தாலும் போதும், வந்து காட்டுங்கள். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு மேற்குச் சுவரோரம் இருப்பேன். என்னிடம் பேசப் பிடிக்காதவர்கள் உபதேசியாரிடம் சொல்லலாம். குழு உறுப்பினர்களுக்கு ஒரு கேள்வி: அந்த நடைபாதையைப் பெயர்த்தெடுக்கச் சம்மதமா, இல்லையா? கல்லறைத் திருநாளுக்கு அதிக நாள் இல்லை. அந்த அம்மா வந்துவிடுவார். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.